முகமில்லாத உறை: ஜார்ஜ் மைக்கேலின் இரண்டாவது தனி ஆல்பத்தை மறுபடி கேட்கும்போது

1990 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் கடைகளுக்கு வந்த அந்த ஆல்பத்தின் முன்னட்டையில் பாடகரின் முகம் இல்லை. பெயர் இல்லை. ஆல்பத்தின் தலைப்பும் இல்லை. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1940-ல் வீஜி என்ற புகைப்படக்காரர் எடுத்த ஒரு ஜனத்திரளின் படம், அதுவும் அதில் ஒரு துண்டு மட்டும். மூன்றாண்டுக்கு முன் வந்த முதல் தனி ஆல்பமான 'ஃபெய்த்'தின் உறையில் தோல் ஜாக்கெட்டும் சிலுவைத் தோடும் மழிக்காத தாடியுமாக நின்றவர் பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல். அந்த முகத்துக்காகவே தட்டு வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கையில் இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேரின் படம். தலைப்போ 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ், வால்யூம் 1'. முன்முடிவு எதுவும் இல்லாமல் கேள் என்கிற வேண்டுகோள்.

அப்படிக் கேட்க அன்று பலரால் முடியவில்லை. முப்பது ஆண்டுகளில் ரசிகர்கள் திரும்பத் திரும்ப இதற்கு வந்து, முதலில் சொன்ன தீர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்றம் பெரும்பாலும் நியாயமானது. சில இடங்களில் மட்டும் அளவு மீறிப் போய்விட்டது.

முதலில், 'ஏமாற்றம்' என்று எதைச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அது அமெரிக்கக் கணக்கு. 'ஃபெய்த்' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. ஆல்பம் பட்டியலில் 12 வாரம் முதலிடம். அதிலிருந்து நான்கு சிங்கிள்கள் (தனித்தட்டாக வந்த பாட்டுகள்) முதலிடம் தொட்டன: 'ஃபெய்த்', 'ஃபாதர் ஃபிகர்', 'ஒன் மோர் ட்ரை', 'மங்கி'. 1989-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. கறுப்பின இசைக்கென்று அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு தனியாக வைத்திருந்த ஆல்பம் பட்டியலிலும் அது முதலிடம் பிடித்தது. வெள்ளைக்காரத் தனிப்பாடகர் ஒருவருக்கு அதுவரை நடக்காதது அது. இப்படி ஒரு உயரத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் இரண்டாம் இடத்தோடு நின்றது. சான்று பெற்றது 20 லட்சம் பிரதிகளுக்கு. ஐந்தில் ஒரு பங்கு.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே ஆல்பம் முதலிடம் பிடித்தது. 1991-ல் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்கான பிரிட் விருதும் வாங்கியது. ஆனால் சிங்கிள்கள் அங்கே ஒன்றைவிட ஒன்று கீழே சரிந்தன. 'ப்ரேயிங் ஃபார் டைம்' 6, 'வெயிட்டிங் ஃபார் தட் டே' 23, 'ஃப்ரீடம்! 90' 28, 'ஹீல் த பெயின்' 31, 'கௌபாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்' 45. தனியாகப் பாட ஆரம்பித்த பிறகு அவருடைய சிங்கிள் ஒன்று பிரிட்டனின் முதல் நாற்பதுக்குள் வராமல் போனது அந்தக் கடைசிப் பாட்டில்தான். இந்த ஐந்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆல்பமே படுத்துவிட்டது என்று சொல்பவர்கள், முழுத் தட்டையும் முதல் மாதமே வாங்கியவர்கள் அதே பாட்டுக்குத் தனியாக மறுபடி காசு கொடுக்க மாட்டார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். ஏழு மாதத்தில் ஐந்து சிங்கிள். ஆல்பம் நன்றாக விற்ற ஊரில் சிங்கிள் விற்பனை வற்றுவது இயல்புதான்.

அமெரிக்கச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், அவர் வீடியோவில் தோன்ற மறுத்தார் என்பது. மறுத்தது உண்மை. 'ப்ரேயிங் ஃபார் டைம்' வீடியோவில் இருண்ட திரையில் பாட்டின் வரிகள் மட்டும் ஓடும். ஆனால் இந்தக் காரணத்தை எண்களோடு வைத்துப் பார்த்தால் கால் ஊன்றி நிற்காது. முகமே இல்லாமல், எழுத்து மட்டும் ஓடிய அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனது. அடுத்து அங்கே வந்த 'ஃப்ரீடம்! 90'-க்கோ டேவிட் ஃபிஞ்சர் எடுத்த வீடியோ இருந்தது. நவோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், டாட்யானா பாட்டிட்ஸ், சிண்டி கிராஃபோர்டு என்று அந்த ஆண்டு ஜனவரி பிரிட்டிஷ் வோக் அட்டையில் சேர்ந்து நின்ற ஐவரும் அவர் குரலுக்கு வாயசைத்தார்கள். 'ஃபெய்த்' காலத்துத் தோல் ஜாக்கெட் அதில் தீப்பிடித்து எரியும்; ஜூக்பாக்ஸும் கிட்டாரும் வெடித்துச் சிதறும். எல்லாரும் பார்த்த வீடியோ. பாட்டு தொட்டது எட்டாம் இடம். அதற்கடுத்த 'வெயிட்டிங் ஃபார் தட் டே' 27-க்குப் போனது. ஆக, முகம் தெரியாததால் விற்கவில்லை என்ற வாதம் முதல் பாட்டிலேயே உடைந்துவிடுகிறது.

இன்னும் கனமான காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பாட்டுகளின் வேகம். பத்துப் பாட்டில் உடம்பை ஆட்டவைப்பவை 'ஃப்ரீடம்! 90'-உம் 'சோல் ஃப்ரீ'யும்தான். மீதி எல்லாம் மெதுவானவை, பியானோ அல்லது அக்கூஸ்டிக் கிட்டாரைச் சுற்றிக் கட்டியவை. 'ஃபெய்த்'தை கிளப்புகளிலும் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) வானொலிகளிலும் தூக்கிப் பிடித்த கூட்டத்துக்கு இதில் கொடுக்க அதிகமில்லை. இரண்டாவது, கச்சேரிகள். 'ஃபெய்த்'துக்காக 1988-ல் உலகம் சுற்றிப் பாடினார். 1991-ல் போன 'கவர் டு கவர்' சுற்றில், பெயரே சொல்வதுபோல, பெரும்பகுதி பிறர் பாட்டுகள். புது ஆல்பத்தை மேடையில் நின்று விற்க வேண்டிய ஆண்டில் அவர் தனக்குப் பிடித்த ஸ்டீவி வொண்டரையும் எல்டன் ஜானையும் பாடிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் நிலைத்தது வெம்ப்ளி அரினாவில் எல்டன் ஜானோடு பாடிய 'டோன்ட் லெட் த சன் கோ டவுன் ஆன் மீ'. அது பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் போனது. இந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டு இல்லை.

ஜார்ஜ் மைக்கேலின் தட்டுகளை வெளியிட்ட சிபிஎஸ் நிறுவனத்திலேயே ஓராண்டு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். டெரன்ஸ் டிரென்ட் டார்பியின் முதல் ஆல்பம் 1987-ல் பெரிய வெற்றி. 1989 அக்டோபரில் வந்த இரண்டாவது, 'நைதர் ஃபிஷ் நார் ஃப்ளெஷ்', முதலாவதன் நிழலைக்கூடத் தொடவில்லை. முதல் தட்டில் கண்ட உருவத்தையே இரண்டாவதிலும் எதிர்பார்த்துக் காத்திருந்த சந்தை அது. ஜார்ஜ் மைக்கேல் அந்த உருவத்தைத் தெரிந்தே, எல்லாரும் பார்க்கக் கொளுத்தினார். புகழின் சுமை பற்றி அவர் கொடுத்த பேட்டியைப் படித்துவிட்டு, கிடைத்ததற்கு நன்றியோடு இரு என்று ஃபிராங்க் சினாட்ரா செய்தித்தாளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதும் அளவுக்கு அது அன்று பேச்சாக இருந்தது.

அடுத்தது, சோனி நிறுவனத்தின்மேல் அவர் போட்ட வழக்கு. ரசிகர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை சோனி வாங்கியது 1988 ஜனவரியில். அதே ஆண்டு ஜார்ஜ் மைக்கேலின் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தது 1992 அக்டோபரில். லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது 1993 அக்டோபரில். நீதிபதி ஜொனாதன் பார்க்கர் தீர்ப்பளித்தது 1994 ஜூன் 21 அன்று. ஆல்பத்தை அமெரிக்காவில் முறையாக விளம்பரப்படுத்தவில்லை என்பது பாடகரின் குறை. அவரே முன்வந்து விளம்பரம் செய்யவில்லை என்பது நிறுவனத்தின் பதில். ஆனால் சட்டக் கேள்வி இந்தச் சண்டை அல்ல. ஒப்பந்தம் தொழில் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்துகிறதா, வணிகப் போட்டியைக் காக்கும் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 85-ஆம் பிரிவை மீறுகிறதா என்பதுதான். அவர் முன்பு பாடிய 'வாம்!' குழுவின் பழைய ஒப்பந்தத் தகராறு 1984-ல் சமரசத்தில் முடிந்திருந்தது. வழக்கறிஞர் ஆலோசனையோடு எட்டிய அந்தச் சமரசத்தின் மேல் கட்டிய ஒப்பந்தத்தை இப்போது கலைக்க முடியாது என்று நீதிபதி கண்டார். ஜார்ஜ் மைக்கேல் தோற்றார். 1995-ல் வேறு நிறுவனங்கள் அவரை சோனியிடமிருந்து விலை கொடுத்து மீட்டன.

இந்தத் தேதிகள் ஏன் முக்கியம்? 'ஃப்ரீடம்! 90' சோனிக்கு எதிரான பாட்டு என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். பாட்டு வந்து இரண்டாண்டுக்குப் பிறகுதான் வழக்கு. அந்தப் பாட்டு தன் பழைய பிம்பத்தோடு, 'வாம்!' காலத்திலிருந்து தொடர்ந்து வந்த அந்த அழகுப் பையனோடு கணக்குத் தீர்க்கிறது. தலைப்பில் 90 சேர்ந்ததும் 'வாம்!' 1984-ல் இதே பெயரில் ஒரு பாட்டை முதலிடம் கொண்டுபோயிருந்ததால்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஆல்பம் முழுக்கத் துயரம் என்பதால், காதலர் அன்செல்மோ ஃபெலெப்பாவை இழந்த வலியை இதில் கேட்கிறார்கள். காதலர் இருவரும் சந்தித்தது 1991 ஜனவரியில், ராக் இன் ரியோ விழாவுக்காக ஜார்ஜ் மைக்கேல் பிரேசில் போனபோது. ஆல்பம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஃபெலெப்பா இறந்தது 1993-ல். அந்தத் துக்கத்தின் ஆல்பம் 1996-ல் வந்த 'ஓல்டர்'. இங்கே இருப்பது வேறு வலி: இருபத்தேழு வயதில், தான் யார் என்று வெளியே சொல்ல முடியாத ஒருவனின் தனிமை. 1998-ல் அவர் தன்பாலீர்ப்பைப் பகிரங்கமாகச் சொன்ன பிறகு, 'கௌபாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்' பாட்டின் முக்கோணக் காதலும் 'ஃப்ரீடம்! 90'-இன் பூடகமும் புதிதாகத் திறந்துகொண்டன. அந்த வாசிப்பு பாட்டிலேயே இருப்பது. துக்க வாசிப்பு பின்னாலிருந்து ஏற்றியது.

'மதர்ஸ் பிரைட்' பாட்டையும் இதே எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். போருக்குப் போகும் மகனைப் பற்றிய பாட்டு. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க வானொலிகள் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. ஆனால் ஆல்பம் கடைக்கு வந்தது ஈராக் குவைத்துக்குள் நுழைந்து ஒரு மாதம் கழித்து. பாட்டு அதற்கு முன்பே தயாராகிவிட்டது. குறிப்பிட்ட எந்தப் போருக்காகவும் எழுதாததால்தான் அந்தப் போருக்கு அது அப்படிப் பொருந்தியது.

சரி, இன்று இதை எப்படிக் கேட்பது? 'ஃபெய்த்' முழுதையும் ஓடவிட்டு உடனே இதற்கு வந்தால் 1990-ன் ஏமாற்றம் அப்படியே திரும்பும். அதைவிட 'ஃபெய்த்'திலிருந்து இரண்டே பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹாண்ட் டு மவுத்', அமெரிக்க வறுமை பற்றியது. 'ஒன் மோர் ட்ரை', ஆர்கனும் குரலுமாக மெல்ல நடப்பது. முதலாவது அப்படியே 'ப்ரேயிங் ஃபார் டைம்'-க்குப் பாலம் போடும். இரண்டாவது, மெதுவான பாட்டில்தான் இவர் குரல் முழுதாக விரிகிறது என்று காட்டிவிடும். இந்த இரண்டுக்குப் பின் புது ஆல்பத்தைப் போட்டால், திடீரென்று பாதை மாறியதாகத் தோன்றாது. ஏற்கெனவே இருந்த ஒரு ஓடை அகலமானதாகக் கேட்கும்.

'ப்ரேயிங் ஃபார் டைம்'-இல் குரலின் மேல் விழும் எதிரொலியைக் கவனியுங்கள். ஜான் லெனனின் 1970 வாக்கிலான தட்டுகளில் கேட்கும் அதே குறுகிய, கூர்மையான எதிரொலி. பெரிய கூடத்தில் நின்று பேசுபவரின் தொனியை அது தருகிறது. வரிகள் தனிப்பட்ட புலம்பலாகச் சுருங்காமல் அதுதான் காக்கிறது. லெனன் அங்கே என்றால், 'ஹீல் த பெயின்' பால் மெக்கார்ட்னியின் பக்கம்: சுருக்கமான மெட்டு, அடுக்கடுக்கான துணைக்குரல், இதமான கிட்டார். மெக்கார்ட்னியே பின்னாளில் வந்து இதை ஜார்ஜ் மைக்கேலோடு சேர்ந்து மறுபடி பாடினார். 2006-ல் வந்த 'ட்வென்டி ஃபைவ்' தொகுப்பில் அது இருக்கிறது.

'ஃப்ரீடம்! 90', 'வெயிட்டிங் ஃபார் தட் டே' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே டிரம் துண்டு: ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' தட்டில் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு வாசித்தது. ஹிப்ஹாப்பில் எத்தனையோ தட்டுகளை ஓட்டிய தாளம். முதல் பாட்டில் அதன் மேல் காஸ்பெல் (கறுப்பினத் தேவாலய இசை) பாணிப் பியானோவும் கனத்த பேஸும் ஏறி மேடைக்கு இழுக்கின்றன. இரண்டாவதில் அதே தாளத்தின் மேல் அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் உட்கார, மழைநாளில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒருவனின் கால்தட்டலாகிவிடுகிறது. ஒரே செங்கல்லை வைத்து ஒருபக்கம் கோயிலும் மறுபக்கம் திண்ணையும் கட்டியிருக்கிறார். எழுதியதோடு நிற்காமல் தயாரிப்பையும் அவரே பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஆல்பத்தில் இல்லை. 'வெயிட்டிங்' முடிவில் ரோலிங் ஸ்டோன்ஸின் புகழ்பெற்ற பாட்டொன்றின் வரி எட்டிப் பார்க்கும். அதற்காக ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்களும் பாடலாசிரியர் வரிசையில் சேர்ந்தன.

'தே வோன்ட் கோ வென் ஐ கோ' ஸ்டீவி வொண்டர் 1974-ல் வெளியிட்ட பாட்டு. பியானோ, அதன் மேல் குரல், குரலுக்குப் பின்னால் பாடகர் குழுபோல் எழும் குரல்கள். தாள வாத்தியம் இல்லை. அன்று பலரும் தாண்டிப் போன இடம் இது, 'ஃப்ரீடம்! 90' முடிந்த கையோடு வண்டி நின்றுவிட்டதாக நினைத்தார்கள். அந்தப் புகாரில் நியாயம் உண்டு. வரிசையில் மூன்றாவதாக வைத்தது தவறுதான். ஐந்தாவதாக, ஒரு பக்கத்தின் முடிவில் வைத்திருந்தால் இவ்வளவு பேர் தாண்டியிருக்க மாட்டார்கள்.

அந்த ஐந்தாம் இடத்தில் இருப்பது 'கௌபாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்'. 7 நிமிடம் 15 நொடி, வால்ட்ஸ் தாளம், ஜாஸ் சாக்ஸஃபோன். ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு இது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இதை இசைத்தட்டில் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்பத்தின் மொத்த நீளம் 48 நிமிடம். முதல் ஐந்து பாட்டைக் கூட்டினால் 27 நிமிடத்துக்கு ஒட்டி வரும். ஒரு பக்கத்துக்கு இது அதிகம். பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவையும் குறைக்க வேண்டும். போதாததற்கு, 33⅓ சுற்றில் ஓடும் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். கூர்மையான ஒலிகள் முதலில் மங்குவது அங்கேதான். சாக்ஸஃபோனின் மூச்சும் சிம்பலின் ஓரமும் தேய்ந்து கேட்டால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள். இந்த ஒரு பாட்டுக்காவது சிடி அல்லது ஸ்ட்ரீமிங் போதும்.

1990 சிடியையும் 2017 மறுவெளியீட்டையும் ஒப்பிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது. இரண்டில் எது உரக்க ஒலிக்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். காதின் இயல்பு அது. ஒரே பாட்டின் ஒரே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், 'ஃப்ரீடம்! 90' பல்லவி வசதியானது. போனில் ஒலி அளவைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, கேட்கும் இடத்திலேயே போனை வைத்து, இரண்டும் ஒரு டெசிபலுக்குள் வரும்வரை திருகுங்கள். அதன்பிறகு பியானோவின் முதல் தட்டலைப் பாருங்கள், குரலுக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். முடிவு சொல்வது அப்புறம்.

இரண்டாம் பக்கத்தில் 'சோல் ஃப்ரீ' பலவீனம். தாளமும் குழலும் மினுக்குகின்றன, பாட்டு எங்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு ஆல்பத்தின் ஆள் வழி தவறி இங்கே வந்ததுபோல் இருக்கிறது. முதல் பக்கத்து 'சம்திங் டு சேவ்' மூன்றே கால் நிமிட அழகான சிறு பொருள், அவ்வளவே. இந்த ஆல்பத்தை மீட்க வந்தவர்களில் சிலர் பத்துப் பாட்டையும் ஒரே உயரத்தில் தூக்கி வைக்கிறார்கள். அன்று எல்லாவற்றையும் தள்ளியது எவ்வளவு தவறோ, இதுவும் அவ்வளவு தவறு.

மனமாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. 1996-ல் ராபி வில்லியம்ஸ் தன் முதல் தனி சிங்கிளாக 'ஃப்ரீடம்' பாடி பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தார். மூலப் பாட்டு 28-ல் நின்ற அதே ஊரில். அதே ஆண்டு 'ஓல்டர்' வந்தது. அதன் இருட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் 1990 ஆல்பம் ஒரு படிக்கட்டு என்பது புரிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவர் பாடத் தேர்ந்தது 'ஃபெய்த்' அல்ல, 'ஃப்ரீடம்! 90'. 2016 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்தார். அடுத்த அக்டோபரில், 1996-ல் பதிவான எம்டிவி அன்பிளக்டு கச்சேரியோடு சேர்த்து ஆல்பம் மறுபடி வந்தபோது, 27 ஆண்டு கழித்து பிரிட்டனில் மீண்டும் முதலிடம்.

'வால்யூம் 1' என்று பெயரிட்டுவிட்டு இரண்டாவது வரவே இல்லை. அது நடனப் பாட்டுகளின் ஆல்பமாக இருந்திருக்க வேண்டியது. சண்டை முற்றியதும் அதைக் கைவிட்டு, அதற்கென்று வைத்திருந்த மூன்று பாட்டை எய்ட்ஸ் நிதிக்காக 1992-ல் வந்த 'ரெட் ஹாட் அண்ட் டான்ஸ்' தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார்: 'டூ ஃபங்கி', 'டூ யூ ரியலி வாண்ட் டு நோ', 'ஹாப்பி'. இவற்றோடு 'டூ ஃபங்கி' சிங்கிளின் பின்பக்கத்து 'கிரேஸிமேன் டான்ஸ்', 'வால்யூம் 1'-க்கென்று எழுதி வெளியே நின்றுவிட்ட 'ஃபாண்டஸி' இரண்டையும் சேருங்கள். 'ஃபாண்டஸி'யில் 2017-ல் நைல் ராட்ஜர்ஸ் மாற்றியமைத்ததை விடுத்து, 1990-ல் சிங்கிளின் பின்பக்கமாக வந்த பழையதையே எடுங்கள். 'சோல் ஃப்ரீ'யை 'வால்யூம் 1'-இலிருந்து உருவி இவற்றின் நடுவில் வையுங்கள். அங்கே அது சட்டென்று பொருந்துகிறது. 'வால்யூம் 1'-இலோ, 'ஹீல் த பெயின்' முடிந்ததும் நேராக கடைசிப் பாட்டான 'வெயிட்டிங்'-இன் மறுவரவு தொடங்குகிறது. இரண்டரை நிமிடம்கூட இல்லை. டிரம் போய்விட்டது, குரலும் கிட்டாரும்தான் மிச்சம்.